பூத் போய்விட்டது, கடைக்காரர் இருக்கிறார்

பெங்களூரு காக்ஸ் டவுன் சந்தையைச் சுற்றிய தெருக்களில் 1990களில் நடமாடியவர்களுக்கு அந்த மஞ்சள் பலகைகள் மறந்திருக்காது. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். கண்ணாடிக் கதவு போட்ட, ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய கூண்டு. உள்ளே தொலைபேசி, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். வெளியே மேஜை போட்டு உட்கார்ந்து, பேசி முடித்தவருக்கு பில் கிழித்துக் கொடுக்கும் கடைக்காரர். இரவுக் கட்டணம் தொடங்கும்வரை காத்திருந்து வேலூருக்கும் சேலத்துக்கும் திருவண்ணாமலைக்கும் பேசிவிட்டுப் போகிறவர்களின் வரிசை. கைபேசி வந்தது. சில ஆண்டுகளுக்குள் கூண்டுகள் காணாமல் போயின. பலகைகள் வெயிலில் வெளுத்துப் பழைய இரும்புக்குப் போயின.

ஆளில்லாமல் போன தொலைபேசிக் கூண்டுகளை என்ன செய்வது என்ற கேள்வி உலகத்தில் பல ஊர்களுக்கு வந்தது. அதற்கு அழகான பதில் ஒன்றை இங்கிலாந்தின் ஒரு சின்னக் கிராமம் கண்டுபிடித்தது: கூண்டைப் புத்தகம் இரவல் தரும் நூலகமாக்குவது. அந்தப் பதிலை அப்படியே பெயர்த்து காக்ஸ் டவுனில் நட முடியாது. ஆனால் அதில் எது வேலை செய்தது என்று பார்த்து, இந்த ஊருக்குப் பொருந்தும் வகையில் செய்ய முடியும். செய்தால் மூலத்தைவிட நன்றாகவே வரும் என்று நம்பக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் அந்தக் கிராமத்தின் கதை. சாமர்செட் பகுதியிலுள்ள அதன் பெயர் வெஸ்ட்பரி-சப்-மெண்டிப். அங்கே வந்துகொண்டிருந்த நடமாடும் நூலக வண்டி நின்றுபோனது. ஊரின் சிவப்புத் தொலைபேசிப் பெட்டியையும் பயன்படுத்த ஆளில்லை. பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் 2008இல் ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. ஊராட்சி ஒரே ஒரு பவுண்டு கொடுத்தால் பெட்டி ஊருக்குச் சொந்தம். தொலைபேசிக் கருவியை மட்டும் நிறுவனம் கழற்றிக்கொள்ளும். 2009இல் அந்த ஊர்க்காரர்கள் பெட்டியை வாங்கி, உள்ளே மரப்பலகைகள் அடித்து, வீடுகளில் படித்து முடித்துக் கிடந்த புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை வைக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. உறுப்பினர் அட்டை, தாமதக் கட்டணம், திறக்கும் நேரம், மூடும் நேரம் எதுவும் கிடையாது. பெட்டிக்குள் விளக்கு எரிவதால் நடுராத்திரியிலும் புத்தகம் எடுக்கலாம்.

அந்தப் பெட்டியே ஒரு வரலாற்றுப் பொருள். கட்டடக் கலைஞர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவை ஒட்டி 1935இல் வடிவமைத்த வார்ப்பிரும்புப் பெட்டிதான் இங்கிலாந்தின் கிராமங்களெங்கும் நின்றது. அதைக் கழற்றி எறிய மக்களுக்கு மனம் வரவில்லை. இன்றுவரை 7,000க்கும் மேற்பட்ட பெட்டிகளை ஊர்கள் இப்படி வாங்கிக்கொண்டிருக்கின்றன. சிலவற்றில் மாரடைப்பு வந்தவருக்கு உதவும் டீஃபிப்ரிலேட்டர் கருவி இருக்கிறது. சில படக்காட்சிக் கூடமாகின. நூலகமானவை நிறைய.

அதே 2009இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில் டாட் போல் என்பவர், பள்ளி ஆசிரியையாக இருந்த தன் தாயின் நினைவாக ஒரு சின்னப் பள்ளிக்கூடம் போன்ற மரப்பெட்டி செய்து, புத்தகங்களை நிரப்பி வாசலில் நிறுத்தினார். லிட்டில் ஃப்ரீ லைப்ரரி என்ற பெயரில் அது நாடு நாடாகப் பரவி லட்சத்தைத் தாண்டியது. இரண்டு கதைகளிலும் ஒரு பொது அம்சம் உண்டு. பெட்டிக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். இங்கிலாந்தில் ஊராட்சி கையெழுத்துப் போட்டு வாங்குகிறது. பெயின்ட் அடிப்பதும் கண்ணாடி மாற்றுவதும் அதன் வேலை. அமெரிக்காவில் அந்த வீட்டுக்காரர் காலையில் கதவைத் திறந்தால் பெட்டி கண்ணில் படும்.

பொறுப்பாளர் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. நியூயார்க்கில் ஜான் லாக் என்ற கட்டடக் கலைஞர் 2012 வாக்கில் தெருவோரத் தொலைபேசிகளின் மேல் மாட்டக்கூடிய புத்தக அலமாரிகளைச் செய்தார். நல்ல வடிவமைப்பு, நல்ல எண்ணம். முதல் முயற்சியில் புத்தகங்களும் போயின, பின்னால் அலமாரியும் போனது. அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. வழிப்போக்கர்கள் மட்டுமே இருந்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெட்டி நூலகங்கள் புகழ்பெற்ற அதே பத்தாண்டுகளில் பிரிட்டனில் ஏறத்தாழ 800 பொது நூலகங்கள் மூடப்பட்டன. உள்ளாட்சிகளுக்கான நிதி வெட்டப்பட்டதே காரணம். சிவப்புப் பெட்டியின் படம் செய்தித்தாள்களில் வந்தபோது, மூடிய நூலகத்தின் கதவு அவ்வளவாக வரவில்லை. நூறு பழைய நாவல்கள் உள்ள பெட்டி, நூலகரும் மேஜையும் மின்விசிறியும் குறிப்புதவி நூல்களும் உள்ள கட்டடத்துக்கு மாற்றாக முடியாது. அரசு இதைச் சாக்காக வைத்துக் கைகழுவ இடம் தரக் கூடாது.

இனி நம் ஊர்க் கூண்டுக்கு வருவோம். சாம் பிட்ரோடா முன்னின்று 1984இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம், இந்தியத் தூசிக்கும் வெப்பத்துக்கும் தாங்கக்கூடிய, குளிரூட்டி தேவைப்படாத சிறிய கிராமத் தொலைபேசி நிலையத்தை உருவாக்கியது. அது முதன்முதலில் 1986இல் நிறுவப்பட்ட இடம் கர்நாடகத்தின் கித்தூர். அதற்கும் முன்னால், 1948இலேயே, சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்துறை நிறுவனமாக இந்தியன் டெலிஃபோன் இண்டஸ்ட்ரீஸ் பெங்களூரில் அமைந்தது. நாடு முழுவதும் பல பத்தாண்டுகள் மணியடித்த கறுப்புத் தொலைபேசிகள், காக்ஸ் டவுனிலிருந்து பழைய மெட்ராஸ் சாலை வழியே சில கிலோமீட்டரில் எட்டிவிடக்கூடிய தூரவாணி நகரில் உருவானவை. தொலைபேசியின் வரலாற்றில் இந்தப் பக்கத்து மக்களுக்குக் கைவேலையாகவே பங்கு உண்டு.

அந்தத் தொலைபேசிகளைப் பொதுமக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க இந்தியா தேர்ந்தெடுத்த வழி இங்கிலாந்தின் வழியிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. தெருமுனையில் ஆளில்லாத இரும்புப் பெட்டியை நட்டுவிட்டு நாணயம் போடச் சொல்லும் முறை இங்கே பெரிதாக எடுபடவில்லை. மாறாக, ஒரு மனிதரிடம் தொலைபேசியைக் கொடுத்து, நடக்கும் அழைப்புகளில் கமிஷன் தந்தார்கள். உரிமம் வழங்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கும் கணவரை இழந்த பெண்களுக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் முன்னுரிமை இருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தக் கமிஷனில் பிழைத்தன. நம்முடைய பூத் என்பது பெட்டியல்ல, அதை நடத்திய ஒரு மனிதர். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு முகவரி சொன்னவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு எண்ணைச் சுழற்றிக் கொடுத்தவரும், அடுத்த தெருக்காரருக்கு அவசரச் செய்தி வந்தால் பையனை அனுப்பிக் கூப்பிட்டவரும் அவர்தான்.

கூண்டு போனபின் அவர் எங்கே போனார்? பெரும்பாலும் எங்கும் போகவில்லை. அதே கடையில் ஜெராக்ஸ் மெஷின் வந்தது, ரீசார்ஜ் வந்தது, பஸ் டிக்கெட், ஆதார் அட்டைக்கு லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் வந்தன. காயின் பாக்ஸ் தொங்கிய பெட்டிக்கடைகள் இன்றும் காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட்டோடு திறக்கின்றன. இங்கிலாந்தில் பெட்டி மிஞ்சியது. இங்கே கடையும் கடைக்காரரும் மிஞ்சியிருக்கிறார்கள். இரவல் நூலகத்துக்கு எது முக்கியம் என்று கேட்டால், இரும்புப் பெட்டியைவிட அவர்தான் முக்கியம். ஆகவே காக்ஸ் டவுனுக்கு வேண்டியது, நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கும் புதிய சிவப்புப் பெட்டிகளல்ல. முன்னாள் பூத் கடைகளின் சுவரில் மூன்றடி அகலத்தில் ஓர் அலமாரி, அதைக் கவனித்துக்கொள்ளும் கடைக்காரருக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை. பி.சி.ஓ. எந்த ஏற்பாட்டில் வெற்றிபெற்றதோ அதே ஏற்பாடு, தொலைபேசிக்குப் பதில் புத்தகம்.

இது தமிழர்களுக்குப் புதிய பழக்கமும் அல்ல. கடையில் உட்கார்ந்து படிப்பது நம்முடைய ஊர்களின் வழக்கம். டீக்கடை பெஞ்சில் ஒரே நாளிதழ் நான்கு தாள்களாகப் பிரிந்து நான்கு பேர் கையில் இருக்கும். முடிதிருத்தும் கடையில் வார இதழ் கிடக்கும். திராவிட இயக்கம் தெருமுனைதோறும் திறந்த படிப்பகங்களில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர்கள் உண்டு. சைக்கிளில் வார இதழ்களைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக இரவல் கொடுத்து, மறுநாள் வந்து வாங்கிப் போன சர்குலேட்டிங் லைப்ரரிக்காரர்களை மத்தியதரக் குடும்பங்கள் மறக்கவில்லை. சென்னையில் 1955இல் தொடங்கிய ஈஸ்வரி வாடகை நூலகம், காசு கொடுத்துப் படிக்கவும் ஆளிருக்கிறார்கள் என்பதைத் தலைமுறைகளாகக் காட்டியது. தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் தன் முடிதிருத்தும் கடையிலேயே நூலகம் வைத்திருக்கிறார். காத்திருக்கும் நேரத்தில் புத்தகம் படிக்கிறவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை தருகிறார். 2020இல் பிரதமரின் வானொலி உரையில் அவர் பெயர் இடம்பெற்றது. அவர் கடையில் புத்தகம் காணாமல் போகாததற்குப் பூட்டு காரணமில்லை. அவர் அங்கே இருப்பதே காரணம்.

சின்னதாகத் தொடங்குவது சின்னதாகவே நின்றுவிடும் என்ற கட்டாயமும் கிடையாது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கம் ஒரு தனிமனிதரின் வீடு. 1933இல் க.மு. செல்லப்பா தன்னிடமிருந்த நூல்களை வீட்டிலிருந்தபடியே இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஊர்ப் பெரியவர்கள் குழு அமைத்து ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு ஓர் அறை எடுத்தார்கள். அங்கே இருந்தவை 844 புத்தகங்களும் முப்பதளவு நாளிதழ், பருவ இதழ்களும். 1981இல் எரிக்கப்பட்டபோது அந்த நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் இருந்தன. தெற்காசியாவின் பெரும் நூலகங்களில் ஒன்றாக அரை நூற்றாண்டுக்குள் வளர்ந்தது ஒரு வீட்டு அலமாரி.

மன்னார்குடி மாட்டுவண்டியையும் இங்கே நினைக்க வேண்டும். 1931 அக்டோபரில் மேலவாசலைச் சேர்ந்த எஸ்.வி. கனகசபைப் பிள்ளை ஒரு வண்டியில் புத்தக அலமாரிகளைப் பொருத்தி, சுற்றியுள்ள கிராமங்களுக்கு முறை வைத்து அனுப்பினார். அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அதே ஆண்டில்தான் நூலகவியலின் ஐந்து விதிகள் பற்றிய அவருடைய நூலும் வெளியானது. உலகம் முழுக்க நூலகர்கள் இன்றும் பாடமாகப் படிக்கும் அந்த விதிகளின் சாரம், புத்தகம் பயன்படுவதற்காகவே இருக்கிறது, அது வாசகரைத் தேடிப் போக வேண்டும் என்பது. அந்த ரங்கநாதன் தன் கடைசிக் காலத்தைக் கழித்த ஊர் பெங்களூரு. ஆவணவியல் ஆய்வுக்கும் பயிற்சிக்குமான மையத்தை 1962இல் இங்கே நிறுவினார், மல்லேஸ்வரத்தில் வாழ்ந்தார், 1972இல் இங்கேயே மறைந்தார். வாசகரைத் தேடிப் போகும் நூலகத்துக்கு இந்த நகரம் வெளியே போய் முன்னோடி தேட வேண்டியதில்லை.

நடைமுறையில் மிக நெருக்கமாகப் பார்க்க வேண்டிய ஊர் கேரளத்தின் பெரும்குளம். கொல்லம் மாவட்டத்தில், கொட்டாரக்கரைக்கு அருகில் உள்ள கிராமம். காந்தியின் மறைவுக்குப் பின் 1948இல் இளைஞர்கள் தொடங்கிய பாபுஜி நினைவு வாசகசாலை அங்கே இருக்கிறது. அந்த வாசகசாலை ஊரின் சாலையோரங்களில் புத்தகக் கூடுகளை நிறுத்தியது. ஒரு கால் மேல் நிற்கும் சின்னப் பெட்டி, கூரை, கண்ணாடிக் கதவு. யாரும் எடுக்கலாம், யாரும் வைக்கலாம். 2021இல் கேரள அரசு பெரும்குளத்தைப் புத்தகக் கிராமமாக அறிவித்தது.

கூடுகளின் படத்தைப் பார்த்து ரசிக்கும் பலர் கவனிக்கத் தவறுவது அவற்றின் பின்னால் இருக்கும் வாசகசாலையை. புத்தகம் தீர்ந்தால் நிரப்புவது அது. கிழிந்ததை எடுத்து ஒட்டுவதும், எந்தக் கூட்டில் எது போகிறது என்று பார்ப்பதும் அது. கூடு கிளை, வாசகசாலை மரம். மரமில்லாமல் கிளைகளை மட்டும் நட்ட முயற்சிகள்தான் பல நகரங்களில் ஆறு மாதத்தில் பட்டுப்போகின்றன: திறப்பு விழா, ரிப்பன், புகைப்படம், பிறகு காலியான பெட்டியில் தண்ணீர் பாட்டில்.

காக்ஸ் டவுனுக்கு மரம் எது? இரண்டு இருக்கின்றன. ஒன்று, அல்சூர் ஏரிக்கரையிலுள்ள பெங்களூரு தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும். 2022 டிசம்பரில் பெங்களூரு தமிழ்ப் புத்தகத் திருவிழா நடந்ததும் அங்கேதான். இன்னொன்று, கர்நாடக அரசின் பொது நூலகத் துறை. இரண்டும் நடந்தோ ஆட்டோவிலோ எட்டும் தூரத்தில் உள்ளவை. குறைவது தெருவோடு அவற்றை இணைக்கும் கடைசி நூறு அடி.

இந்தப் பகுதி உருவான விதமே பல மொழிகளை ஒரே தெருவில் குடியமர்த்தியது. 1809இல் ராணுவக் கன்டோன்மென்ட் அமைந்தபோது மெட்ராஸ் படையோடு தமிழர்கள் வந்தார்கள். சிப்பாய், சமையல்காரர், கொத்தனார், வண்ணார், ஒப்பந்தக்காரர், வியாபாரி என்று எல்லாத் தொழிலுக்கும் ஆட்கள் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்துகொண்டே இருந்தார்கள். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்தபின் வரவு பெருகியது. 1898இல் பிளேக் நோய் தாக்கி நெரிசலான பகுதிகளை உலுக்கியபின் ஃப்ரேசர் டவுன் போன்ற புதிய குடியிருப்புகள் எழுந்தன. கன்டோன்மென்ட் நிர்வாகத்தில் கலெக்டராக இருந்த ஏ.ஆர். காக்ஸ் பெயரில் அமைந்த காக்ஸ் டவுனும் அந்த வரிசையில் வருவதுதான். இன்று ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் உருதும் ஆங்கிலமும் மலையாளமும் தெலுங்கும் கேட்கும்.

ஆனால் கேட்கிற மொழி எல்லாம் படிக்கிற மொழியாக இல்லை. வீட்டில் தமிழ் பேசும் குழந்தை பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறது. தமிழ் எழுத்து அதற்கு அந்நியம். பாட்டி ரமணிசந்திரனையும் கல்கியையும் தேடுகிறார், பேத்திக்கு அந்த அட்டையிலுள்ள பெயரைக்கூட வாசிக்க முடியவில்லை. இந்த இடைவெளியைப் பற்றி மேடைகளில் வருத்தப்பட்டு ஆவது குறைவு. பள்ளியிலிருந்து வரும் வழியில், பென்சில் வாங்கும் கடையில், கைக்கு எட்டும் உயரத்தில் படக்கதைப் புத்தகம் இருந்தால் ஆவது அதிகம். அதற்கான புத்தகங்களும் இருக்கின்றன. பெங்களூரிலேயே 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ், தமிழ், கன்னடம், உருது உட்படப் பல மொழிகளில் மலிவு விலையில் குழந்தை நூல்கள் போடுகிறது. ஸ்டோரிவீவர் என்ற அதன் இணையதளத்தில் உள்ள கதைகளை யாரும் இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். ஜெராக்ஸ் மெஷின் உள்ள கடைக்கு இதைவிட வசதியான செய்தி என்ன? சென்னையின் தூலிகா பதிப்பகம், ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும், அல்லது கன்னடமும் ஆங்கிலமும் வரும் இருமொழி நூல்களை நெடுங்காலமாக வெளியிடுகிறது. தமிழ் எழுத்து தெரியாத குழந்தையும் கதையைப் பிடித்துக்கொண்டு எழுத்தை எட்டிவிடும்.

என்ன வைப்பது என்பதைப்போலவே எதை வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். புத்தக நன்கொடை என்று அறிவித்தால் முதலில் வந்து குவிவது பழைய பாடத்திட்டக் கைடுகளும் பத்தாண்டுக்கு முந்தைய கம்ப்யூட்டர் நூல்களும் பொங்கல் மலர்களின் பாதிகளும்தான். வீட்டை ஒழிக்கிறவரின் குப்பை நூலகமாகாது. வருவதில் பாதியையாவது திருப்பி அனுப்பும் துணிவு வேண்டும். தெருவில் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும்: ராஜேஷ்குமார் நாவல், லயன் காமிக்ஸ், சமையல் குறிப்பு, சர்க்கரை நோய் பற்றித் தமிழில் ஒரு நல்ல நூல், ஸ்போக்கன் இங்கிலீஷ், கன்னடம் கற்றுக்கொள்ளத் தமிழ் வழிக் கையேடு, அரசு வேலைத் தேர்வுக்கான இந்த ஆண்டு நூல்கள். ஜனரஞ்சக நாவலைப் பார்த்து முகம் சுளிக்கிறவர் இந்த வேலைக்கு வேண்டாம்.

திருட்டுப் போகாதா என்பது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. சில போகும். தேர்வு நூல்கள் நிச்சயம் போகும். அவற்றைக் கடைக்காரர் நோட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டு கொடுப்பதே சரி. மற்றவற்றுக்கு நோட்டு வேண்டாம். முப்பது ரூபாய்ப் படக்கதை ஒரு குழந்தையின் வீட்டில் தங்கிவிட்டால் அதை இழப்புக் கணக்கில் எழுத வேண்டியதில்லை, அந்த வீட்டுக்கு முதல் புத்தகம் போயிருக்கிறது. பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போவதைத் தடுக்க, ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையிலும் உள்ளேயும் அழிக்க முடியாத முத்திரை குத்தினால் பெரும்பாலும் போதும்.

திருட்டைவிடப் பெரிய எதிரி ஈரம். ஜூனில் தொடங்கும் பெங்களூரு மழை அக்டோபர்வரை இழுக்கும். திறந்த பெட்டியில் வைத்த தாள் ஒரே பருவத்தில் பூஞ்சை பிடிக்கும், பின்னாலேயே கரையானும் ராமபாணப் பூச்சியும் வரும். இந்தக் காரணத்துக்காகவும் கடைச் சுவரே நல்லது. ஷட்டருக்கு உள்ளே, கூரைக்குக் கீழே, தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, பின்பக்கம் காற்றுப் போக இடைவெளி விட்டு வைத்த இரும்பு ரேக் பல ஆண்டு தாங்கும். அந்துருண்டை போட மறந்தாலும் கடைக்காரர் தினமும் தட்டிவிட்டுப் பெருக்கும் இடத்தில் பூச்சி குடியேறாது.

மொழி அரசியலைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. 1991இல் காவிரிக் கலவரத்தில் பெங்களூருத் தமிழர்கள் பட்டது ஒரு தலைமுறையின் நினைவில் இருக்கிறது. அல்சூரில் நிறுவிய திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. தமிழ் அலமாரி என்று பலகை மாட்டினால் வம்பு வருமோ என்று தயங்குகிறவர்கள் இருப்பார்கள். தயக்கத்துக்கு மருந்து, தமிழைக் குறைப்பதில் இல்லை. கன்னடத்தையும் உருதுவையும் அதே ரேக்கில் தாராளமாக வைப்பதில் இருக்கிறது. இந்தத் தெருவின் மக்கள்தொகையே அப்படித்தான். மைசூரில் கூலித் தொழிலாளியான சையத் இசாக், தான் படிக்கக் கிடைக்காததை மற்றவர்களுக்குக் கொடுக்க 2011இல் ஒரு நூலகம் தொடங்கினார். அவரிடமிருந்த சுமார் 11,000 நூல்களில் பெரும்பகுதி கன்னடம். 2021 ஏப்ரலில் அது தீயில் எரிந்தபோது, மொழி மதம் பார்க்காமல் நாடெங்கும் இருந்து பணமும் புத்தகமும் அனுப்ப ஆட்கள் முன்வந்தார்கள்.

பணம் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்கு நன்கொடையாளர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. சட்டத்திலேயே பதில் இருக்கிறது. நூலகத்துக்காகத் தனி வரி என்ற ஏற்பாட்டை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது 1948இன் மதராஸ் பொது நூலகச் சட்டம். கர்நாடகத்தின் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு 6 சதவீதம் நூலக வரி வசூலாகிறது. காக்ஸ் டவுனில் சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் அதைக் கட்டியிருக்கிறார், வாடகைக்கு இருப்பவரும் வாடகை வழியாகக் கட்டியிருக்கிறார். மாநகராட்சி வசூலித்த இந்தத் தொகையை நூலகத் துறைக்கு முழுதாகக் கொடுக்காமல் பல ஆண்டுகள் கோடிக்கணக்கில் பாக்கி வைத்தது திரும்பத் திரும்பச் செய்தியாக வந்திருக்கிறது. மழையில் ஒழுகும் கிளை நூலகங்களும் வாங்கப்படாத புதிய நூல்களும் அந்தப் பாக்கியின் விளைவு.

அரசு நினைத்தால் செய்யும் என்பதற்கும் இதே மாநிலத்தில் சான்று உண்டு. 5,600க்கும் மேற்பட்ட கிராமப் பஞ்சாயத்து நூலகங்களை ஊரக வளர்ச்சித் துறை கையிலெடுத்து, 2020இல் ஓதுவ பெளகு என்ற இயக்கத்தின் மூலம் குழந்தைகளை இலவச உறுப்பினர்களாகச் சேர்த்தது. பூட்டிக் கிடந்த பல நூலகங்களில் குழந்தைகளின் சத்தம் கேட்கத் தொடங்கியது. கிராமத்துக்குக் கிடைத்த இந்தக் கவனம் நகரத்தின் நெருக்கடியான பகுதிகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? ஜீவனஹள்ளியிலும் தொட்டிகுண்டாவிலும் ஓர் அறை வீட்டில் ஐந்து பேரோடு வாழும் குழந்தைக்கும் படிக்க இடமில்லை, படிக்கப் பொருளும் இல்லை.

ஆகவே கோரிக்கை தெளிவாகவே வைக்கப்பட வேண்டும். காக்ஸ் டவுன் சந்தை அருகில் ஒன்று, பெங்களூரு ஈஸ்ட் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒன்று, வீலர் சாலைப் பக்கம் ஒன்று என முன்பு பூத் வைத்திருந்த மூன்று கடைகளை முதலில் தேர்ந்தெடுக்கலாம். ரேக்கும் முதல் புத்தகங்களும் கடைக்காரருக்கான மாதத் தொகையும் நூலக வரியிலிருந்து வர வேண்டும். இந்தச் செலவு ஒரு கிளை நூலகத்தின் செலவில் சிறு துளிகூட இருக்காது. கிளை நூலகத்தின் நூலகர் மாதம் ஒருமுறை வந்து போகாத நூல்களை எடுத்துக்கொண்டு, கேட்ட நூல்களை வைத்துவிட்டுப் போக வேண்டும். தமிழ் நூல்களைத் தேர்ந்தெடுக்கத் தமிழ்ச் சங்கம் உதவலாம். இதைக் காரணம் காட்டி ஒரு கிளை நூலகத்தின் நேரத்தையோ பணியிடத்தையோ குறைக்க மாட்டோம் என்று துறை எழுத்தில் தர வேண்டும். 2025 செப்டம்பரில் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்திருக்கிறது. புதிய நிர்வாகங்கள் தங்கள் வரவு செலவுத் திட்டங்களில் இதற்கு இடம் தரலாம். குடியிருப்போர் சங்கங்கள் குப்பைக்கும் சாலைப் பள்ளத்துக்கும் மனு எழுதும்போது, சொத்து வரி ரசீதின் நகலை இணைத்து, நூலக வரி என்ற வரியின் கீழ் கோடு போட்டு, இந்த மூன்று ரேக்குகளையும் கேட்டு எழுதலாம்.